மழைக்காலம் வர்றதுக்குள்ள சிகரெட்ட விடுறது எப்படி

காரைக்குடில எங்க ஐயா வளவுல உக்காந்து பீடி இழுப்பாங்க, ஐப்பசி மழை வந்துட்டா அந்த இருமல் ராத்திரி பூரா பட்டாலை வரைக்கும் கேக்கும். மூச்சுக்குழாய்ல சளியையும் கிருமியையும் மேல தள்ளிவிடுற பொடி மயிர் மாதிரி சிலியா இருக்கு, புகை அதை முடக்கிப்போடுது, அப்புறம் ஃப்ளூவோ கொரோனாவோ வந்தா நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆக வாய்ப்பு ஜாஸ்தி. 2020ல புகையிலைல இருக்குற நிக்கோட்டின் கொரோனாவ தடுக்கும்னு கெளம்புன பேச்ச நம்பாதீங்க, அது நிரூபணம் ஆகல.

மொதல்ல ஒரு தேதி குறிங்க, வீட்ல ஆச்சிகிட்ட சொல்லிடுங்க. தீப்பெட்டி, ஆஷ்ட்ரே எல்லாத்தையும் தூக்கி வெளிய போடுங்க. ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் தள்ளிப்போட்டு தண்ணி குடிங்க, தாங்க முடியலன்னா டாக்டர்கிட்ட கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம், அதுல புகை இல்லையே. புகையிலைய விட உதவி பண்ற அரசாங்க நம்பர் 1800-11-2356க்கு போன் போடுங்க, காசு கிடையாது.