தீவு எரிமலையருகே எழும் நிலநடுக்கத் திரளைக் கண்காணிக்கும் முறை

பெரிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். மாறாக, முதன்மை அதிர்வு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாமல், ஏறத்தாழ ஒத்த அளவுடைய நடுக்கங்கள் ஒரே பகுதியில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தொடர்ந்தால் அதுவே திரள். நிலநடுக்கப் பட்டியலைப் பார்த்ததும் முதலில் இந்த வேறுபாட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, ஆழத்துக்குரிய நிரலைச் சந்தேகக் கண்ணோடு படிக்க வேண்டும். உலகளாவிய பட்டியல்களில் ஆழம் திரும்பத் திரும்ப சரியாக 10 கிலோமீட்டர் என்றிருந்தால், அது பெரும்பாலும் அளந்து கண்டது அன்று. கணக்கீட்டில் ஆழம் பிடிபடாதபோது இடப்படும் மதிப்பு. மிக அருகிலுள்ள நிலநடுக்கப் பதிவு நிலையம், நடுக்கம் தோன்றும் நிலத்தடிப் புள்ளியான குவியத்தின் ஆழத்தைவிட வெகு தொலைவில் இருந்தால் ஆழக் கணிப்பு தளர்ந்துபோகும். கடலால் சூழப்பட்ட தீவில் இதுவே பெருங்குறை. 2018 மே மாதம் இந்தியப் பெருங்கடலிலுள்ள மயோட் தீவுக்குக் கிழக்கே திரள் தொடங்கியபோது போதிய நிலையங்கள் இல்லை. ஓராண்டு கழித்துக் கப்பல்கள் சென்று ஆய்ந்த பிறகே, தீவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் சுமார் 800 மீட்டர் உயரத்துக்குப் புதிய எரிமலை எழுந்திருப்பது தெரியவந்தது.

ஒரு நிலையத்தின் பதிவு மட்டும் கையிலிருந்தாலும் தொலைவைக் கணிக்கலாம். முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை 8 ஆல் பெருக்கினால், குவியத்துக்குள்ள தொலைவு தோராயமாகக் கிலோமீட்டரில் கிடைக்கும். இடைவெளி 3 நொடி என்றால் 24 கிலோமீட்டர். திசையை அறிய மேலும் இரு நிலையங்களாவது வேண்டும். கடலலைகள் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் 1 ஹெர்ட்சுக்கு (நொடிக்கு ஓர் அலைவு) கீழேதான் இருக்கும் என்பதால் அதை வடிகட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் எரிமலையின் மெதுவாக அலைவுறும் அதிர்வுகள் சில அந்த எல்லையையே ஒட்டி வருவதால், வடிகட்டாத பதிவையும் வைத்திருங்கள். புயற்காற்று வீசும் நாளில் சிறு நடுக்கங்கள் இரைச்சலில் புதைந்து எண்ணிக்கை குறையும்; திரள் அடங்கிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே, எந்த நாளிலும் தவறாமல் பதிவாகும் அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்களை மட்டுமே எண்ணி ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கையைவிட, நடுக்கங்கள் எழும் இடத்தின் நகர்வுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். ஒவ்வொரு வார நடுக்கங்களையும் வெவ்வேறு நிறத்தில் வரைபடத்தில் குறித்தால் அது கண்ணில் படும். கேனரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோவில் 2011 ஜூலையில் வடக்கே தொடங்கிய திரள், பின்னர் தெற்கு நோக்கி நகர்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்களுக்குப் பிறகு, அக்டோபர் 10 அன்று தெற்குக் கடலடியில் எரிமலை வெடித்தது; அதைக் காட்டிக்கொடுத்தது பதிவில் இடைவிடாமல் நீண்ட தொடர் அதிர்வுதான். தனித்தனி முட்களாக இருந்த கோடு தடித்த பட்டையாக மாறினால், பட்டியலை விட்டுவிட்டுப் பதிவையே பாருங்கள். தொடர் அதிர்வு தனி நிலநடுக்கமாகப் பட்டியலில் ஏறாது.

இதற்கு நேர்மாறாக, 2025 தொடக்கத்தில் கிரேக்கத் தீவுகளான சாண்டோரினிக்கும் அமோர்கோசுக்கும் இடையே எழுந்த திரளில் 5.3 அளவுள்ள நடுக்கம் வரை வந்தும் வெடிப்பு நிகழவில்லை. எனவே நில வீக்கத்தைக் காட்டும் ஜிபிஎஸ் அளவீடுகளையும் உடன் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்வது தகாது.

தானியங்கிக் கணிப்புகள் பின்னர் திருத்தப்படும். ஆகவே, எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரத்திலேயே எழுதி, பட்டியலைப் பதிவிறக்கிய தேதியையும் குறித்து, சில நாட்கள் கழித்து மீண்டும் பதிவிறக்கிப் பழைய வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும்.