வேண்டுதலுக்கும் ஒரு வரவு செலவு நோட்டு: கேயாஸ் மேஜிக் பழகும் முறை

முதலில் கடைக்குப் போய் கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா ஒன்று, சின்ன கவர் ஒரு கட்டு வாங்கி வாருங்கள். கறுப்பு அங்கி, மெழுகுவர்த்தி, மண்டை ஓடு எதுவும் வேண்டாம். நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகச் சாயங்காலங்களில் கேயாஸ் மேஜிக் என்ற இந்த மந்திரப் பழக்கத்தையும் செய்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். நோட்டு வைக்காமல் ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பலித்த இரண்டை ஊரெல்லாம் சொல்வார்கள், பலிக்காத இருபது அவர்களுக்கே ஞாபகம் இருக்காது.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பில்லி, சூனியம், ஏவல் வகையறா இல்லை இது. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பீட்டர் கேரல், ரே ஷெர்வின் என்ற இருவர் கிளப்பிவிட்ட பழக்கம். 1978இல் அதற்கென்று ஒரு குழுவையும் அறிவித்தார்கள். நான் தினமும் பஸ் ஏறும் இதே மேற்கு யார்க்‌ஷயருக்கு அந்த ஆரம்பக் கதையில் பங்கு உண்டு. அதற்கு முன்னால் இங்கே மந்திரம் பழகுவதென்றால் பெரும்பாலும் 1888இல் தொடங்கிய கோல்டன் டான் மாதிரியான சங்கங்கள்தான். படிப்படியாகப் பட்டம், ஹீப்ருப் பெயர்கள், ஆளுக்கொரு அங்கி. கேரலும் ஷெர்வினும் அதில் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டார்கள். வேலைக்கு ஆவதை வைத்துக்கொள், ஆகாததை விடு என்பதுதான் கணக்கு. நம்பிக்கையையே ஒரு கருவியாகப் பார்க்கிறார்கள். ஸ்குரூ டிரைவரை எடுத்தோம், முடுக்கினோம், டப்பாவில் போட்டோம் என்கிற மாதிரி, ஒரு காரியத்துக்காக ஒன்றை முழுசாக நம்பி, காரியம் முடிந்ததும் இறக்கி வைத்துவிட வேண்டும். பக்தியில் வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் சுலபம்.

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை சிஜில், அதாவது ஆசையைப் படமாக்குவது. கேயாஸ் மேஜிக் ஆட்கள் இதை ஆஸ்டின் ஆஸ்மான் ஸ்பேர் என்ற லண்டன் ஓவியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1886இல் பிறந்தவர், போலீஸ்காரர் மகன். 17 வயதிலேயே ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் படம் மாட்டப்பட்டது. 1913இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த முறையை விளக்கினார். 1941 குண்டுவீச்சில் ஸ்டுடியோ போய், 1956இல் வறுமையில் இறந்தார். அவர் சொன்ன உதாரணம் புலியின் பலம் வேண்டும் என்ற ஆசை. வாக்கியத்தை எழுதி, எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, படிக்கவே முடியாத ஒரு வடிவமாக்கிவிடுவார்.

நம்மூர் எந்திரத் தகடு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தகடு வேறொருவர் எழுதித் தருவது, 48 நாள் பூஜையில் வைப்பது, பத்திரமாகக் காப்பது. சிஜிலை நீங்களே வரைய வேண்டும், ஒரே ஒரு தடவை பயன்படுத்த வேண்டும், கிழித்துப் போட வேண்டும், மறக்கவும் வேண்டும்.

எல்லா வழிகாட்டியிலும் ஆங்கில எழுத்தில்தான் சொல்லித் தருவார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். ஆசைப்படுவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில் என்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தமிழிலேயே செய்யலாம். எப்படி என்று என் நோட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன்.

வாக்கியம் இது: பழைய தோழி அழைக்கிறாள். மொத்தம் 11 எழுத்து. கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ப, ழ, ய, த, ழ, அ, ழ, க, க, ற, ள என்று நிற்கும். திரும்ப வருவதை அடியுங்கள். மூன்று ழ ஒன்றாகிவிடும், இரண்டு க ஒன்றாகும். மிச்சம் எட்டு: ப, ழ, ய, த, அ, க, ற, ள. இப்போது உற்றுப் பாருங்கள். ய-வுக்குள்ளேயே ப இருக்கிறது. க-வுக்கு வால் வைத்தால் த. அதனால் ப, க இரண்டையும் தனியாக வரைய வேண்டியதில்லை. ஆறு எழுத்துதான் வேலை.

ய-வைப் பெரிதாக நடுவில் போட்டேன். அதன் வலது கோட்டையே ள-வின் காலாக்கினேன். ழ-வின் வாலைக் கீழே இறக்கி, த-வின் வாலோடு கோத்தேன். அ-வின் சுழி மேலே இடது மூலையில். ற-வுக்கு இடமில்லாமல் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அப்புறம் வேறு தாளில் நாலைந்து தடவை வரைந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு கோட்டைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் வந்ததைப் பார்த்து என் கணவர், “என்ன, கோலம் மாதிரி இருக்கு?” என்றார். “புள்ளி வைக்காத கோலம்தான், நீங்க போய் டீ போடுங்க” என்றேன். பார்க்கிறவருக்கு எழுத்து என்று தெரியவில்லை என்றால் சிஜில் தயார்.

வாக்கியத்தை அமைப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இல்லை, கூடாது, மாட்டேன் எல்லாம் வேண்டாம். ‘தாமதமாகக் கூடாது’ என்று எழுதினால் மனசில் முதலில் தோன்றும் படமே தாமதம்தான். ‘நேரத்துக்குப் போய்ச் சேர்கிறேன்’ என்று எழுதுங்கள். பெரிய ஆசையில் ஆரம்பிக்காதீர்கள். லாட்டரி, விசா, போன காதலன் மூன்றையும் முதல் வருடம் தொடவே வேண்டாம். நடந்ததா இல்லையா என்று ஒரு மாதத்துக்குள் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற காரியமாக இருக்க வேண்டும். ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்பதை எந்தத் தேதியில் வரவு வைப்பீர்கள்?

எனக்கு விழுந்த அடி ஒன்று உண்டு. இரண்டாவது வருடம், ‘கூடுதலாக 50 பவுண்டு கைக்கு வருகிறது’ என்று எழுதி முடித்தேன். மூன்று வாரம் கழித்து லண்டனிலிருந்து திரும்பும் ரயில் நடுவழியில் நின்றது. ஹீட்டர் ஓடவில்லை, கழிப்பறை பூட்டிக்கிடந்தது, வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டேன், டிக்கெட் பணம் வந்தது. 50க்கு ஒரு பவுண்டும் சில்லறையும் குறைவு. பணம் எந்த வழியில் வர வேண்டும் என்று நான் எழுதவில்லையே! அன்றிலிருந்து பண விஷயமென்றால், ‘பார்த்த வேலைக்குக் கூலியாக’ என்று சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, சிஜில் தயார். இனி அதற்கு உயிர் ஏற்ற வேண்டும். மனசில் மற்ற பேச்செல்லாம் நின்று, அந்த வடிவம் ஒன்று மட்டும் இருக்கும் கணத்தை நோசிஸ் என்கிறார்கள். அங்கே போக இரண்டு பாதை. ஒன்று அடக்கி அடக்கிப் போவது, மற்றது கிளப்பிக் கிளப்பிப் போவது.

அடங்கும் பாதைக்குத் தினமும் அசையாமல் உட்காரப் பழக வேண்டும். 5 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். தியானம் என்று பெயர் வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், அசையாமல் இருந்தால் போதும். மூன்றாவது நிமிடம் மூக்கு அரிக்கும். அரிக்கட்டும், சொறியக் கூடாது. எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். என் முதல் மாதப் பக்கத்தில் ‘2’, ‘3’, ‘2’, ‘தூங்கிவிட்டேன்’ என்றுதான் இருக்கிறது. 15 நிமிடம் அசையாமல் இருக்க வந்தபிறகு சிஜிலைக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டிப் பாருங்கள். கோடுகள் மெல்ல அலையும், பின்னணி மங்கும். அந்த நேரம்தான்.

கிளப்பும் பாதை நமக்குத் தெரிந்ததுதான். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, வரிசையில் நிற்கும் ஒருத்தியின் தோள் குலுங்க ஆரம்பிப்பதை மாரியம்மன் கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். என் பெரிய அத்தைக்கு வருடா வருடம் அருள் வரும். இங்கே யார்க்‌ஷயர் ஆட்கள் டிரம் அடிக்கிறார்கள், சுற்றுகிறார்கள், களைத்து விழும்வரை ஆடுகிறார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுவேன், மூச்சு வாங்கி இனி முடியாது என்கிற கணத்தில் சிஜிலைப் பார்ப்பேன். மூச்சை அடக்குவது, பட்டினி கிடப்பது, எதையாவது சாப்பிட்டுப் போதை ஏற்றிக்கொள்வது என்று புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களும், இல்லாத குரல் கேட்பது போன்ற மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம். தூக்கம் கெட்டாலும், பார்ப்பதெல்லாம் சகுனமாகத் தெரிய ஆரம்பித்தாலும் நோட்டை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அத்தைக்கு அருள் வந்தால் அதோடு முடியாது, சாமி மலையேற வேண்டும். விபூதி பூசி, தண்ணீர் கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேயாஸ் மேஜிக்கிலும் மலையேற்றம் உண்டு. இவர்களுக்கு அதில் ரொம்பப் பிடித்தது சிரிப்பு. முடித்தவுடன் வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். முதலில் பொய்ச் சிரிப்பாகத்தான் வரும், அரை நிமிடத்தில் அதுவே நிஜச் சிரிப்பாகிவிடும். நான் கூடவே அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைத் தேய்ப்பேன். பாத்திரம் தேய்த்தபடி யாராலும் மந்திரவாதியாக இருக்க முடியாது.

தாளைக் கிழித்துப் போடுங்கள். எரிப்பதானால் கழுவும் தொட்டிக்குள் வைத்து எரியுங்கள், இங்கே வாடகை வீட்டில் புகை மணி அலறினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிடுவார். அப்புறம் மறக்க வேண்டும். ஆசை மனசின் மேல்தட்டில் இருந்தால் அறிவு வந்து வாதாடிக் கெடுத்துவிடும் என்பது ஸ்பேரின் கருத்து. மறந்துவிடு என்று சொன்னால் மனசு மறந்துவிடுமா? அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே நாளில் ஏழெட்டு சிஜில் வரைந்து டப்பாவில் போட்டு வைத்து, சில வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

இனி கவர் கட்டு. இது எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல, என் தொழில் புத்தி. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஆசை இரண்டு எழுதுவேன். காசைச் சுண்டிப் போட்டு ஒன்றுக்கு மட்டும் சிஜில் வரைவேன். மற்றதைச் சும்மா கவரில் போட்டு ஒட்டிவிடுவேன். இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண் போட்டுப் பதிவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் பிரித்துச் சரிபார்ப்பேன். 18 ஜோடி வரை பார்த்ததில் சிஜில் போட்டதில் 7 நடந்தது, போடாததில் 6. ஒற்றை வித்தியாசத்தை நான் லாபம் என்று எழுத மாட்டேன். ஆனால் வகை பிரித்துப் பார்த்தபோது, நானே கையை நீட்டிச் செய்ய வேண்டிய காரியங்களில் (தள்ளிப்போட்ட கடிதம், கேட்கக் கூச்சப்பட்ட கூலி) நடந்தது எல்லாமே சிஜில் பக்கம்தான் இருந்தது. வானிலை, ரயில், அடுத்தவர் மனசு மாதிரி என் கையில் இல்லாத காரியங்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கணக்கு வேறு மாதிரி வரலாம். எழுதிப் பாருங்கள்.

தோழியா? 19ஆம் நாள் கூப்பிட்டாள். மகளுக்கு மான்செஸ்டரில் எம்எஸ்சி இடம் கிடைத்திருக்கிறதாம், குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்டாள். மகள் விண்ணப்பம் போட்டது நான் ய-வுக்குள் ப-வைத் தேடிக்கொண்டிருந்ததற்கு ஆறு மாதம் முன்னால். நடந்தது என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் அந்த விஷயத்தையும் எழுதிவைத்தேன்.

சிஜில் கை வந்தபிறகு சர்விட்டர் என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே ஒரு வேலைக்காக மனசால் உருவாக்கும் குட்டிச்சாத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர், உருவம், வேலை மூன்றும் எழுதித் தருவதோடு, வேலைக்காலம் முடியும் தேதியையும் ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். தொலைந்த ரசீதுகளைத் தேட நான் ஒன்று வைத்திருந்தேன். பேர் சொல்ல மாட்டேன். இங்கே வரிக்கணக்கு வருடம் ஏப்ரல் 5இல் முடிகிறது, அதற்கும் அன்றோடு வேலை முடிந்தது.