பல கோப்பு மலர் சிக்கும்போது: இன்டிசைன் புத்தகத்தைச் சரிசெய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளியின் நினைவு மலரோ கோயிலின் கும்பாபிஷேக மலரோ ஒரே கையால் உருவாவதில்லை. தலைமையாசிரியர் ஒரு பகுதியைத் தருவார், முன்னாள் மாணவர்கள் தோட்ட வரலாற்றை எழுதுவார்கள், விளம்பரப் பக்கங்களை ஏற்பாட்டுக் குழு கடைசி வாரம் வரை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வைத்து, அனைத்தையும் ஒரு புத்தகக் கோப்பின் கீழ் சேர்த்துக்கொள்வதே வசதி. அத்தகைய புத்தகத்தில் பிழை ஒரு பக்கத்தில் தெரியும்; அதன் காரணமோ பெரும்பாலும் வேறொரு கோப்பில், அல்லது கோப்பும் கோப்பும் இணையும் இடத்தில் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன், முழுக் கோப்புறையையும் கணினியின் வட்டில் நகலெடுத்து, அந்த நகலில் வேலை செய்ய வேண்டும். பென்டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்து திருத்தும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவது நல்லது.

புத்தகப் பலகத்தில் கோப்புப் பெயருக்கு அருகே சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி இருந்தால், அந்தக் கோப்பு இடம் மாறியிருக்கிறது அல்லது பெயர் மாறியிருக்கிறது. 'ரீபிளேஸ் டாக்குமெண்ட்' கட்டளை மூலம் சரியான கோப்பைக் காட்டலாம். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், புத்தகம் மூடியிருந்தபோது யாரோ அந்த அத்தியாயத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பூட்டுக் குறி, வேறொருவர் அதைத் திறந்து வைத்திருப்பதைச் சொல்கிறது.

பக்க எண் ஓர் அத்தியாயத்தில் திடீரென 1 என்று தொடங்கினால், முந்தைய அத்தியாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். சிக்கலுக்குரிய கோப்பின் 'நம்பரிங் அண்ட் செக்ஷன்' அமைப்பில், எண் தானாகத் தொடர்வதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட எண்ணில் தொடங்கும்படி விடப்பட்டிருக்கும்.

பொருளடக்கத்தில் ஒரு கட்டுரை மட்டும் விடுபட்டிருந்தால், முதலில் 'இன்குலூட் புக் டாக்குமெண்ட்ஸ்' தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் விடுபட்டால், தலைப்புக்குக் கொடுத்த பாணியின் (ஸ்டைல், அதாவது எழுத்துரு, அளவு முதலிய அமைப்புகளின் தொகுப்பு) பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒரு கோப்பில் 'தலைப்பு 1' என்றும் மற்றொன்றில் இடைவெளியின்றி 'தலைப்பு1' என்றும் இருந்தால், மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு பாணிகள். கண்ணுக்கு ஒரே எழுத்துரு, ஒரே அளவு என்பதால் அச்சுக்குப் போகும்வரை யாரும் கவனிப்பதில்லை.

மிகுந்த எச்சரிக்கை வேண்டிய வேலை, பாணிகளை ஒத்திசைக்கும் 'சிங்க்ரனைஸ்'. அது, மூலமாகக் குறித்த ஒரு கோப்பின் பாணிகளால் மற்றக் கோப்புகளில் அதே பெயரில் உள்ளவற்றை மேலெழுதும். கூடுதலாக இருப்பவற்றை நீக்காது. மூடியிருக்கும் கோப்புகளை அதுவே திறந்து, மாற்றி, சேமித்து, மூடிவிடும் என்பதால் பின்வாங்க வழியில்லை. எல்லாக் கோப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஒத்திசைத்தால், விளைவு பிடிக்காதபோது சேமிக்காமலேயே மூடிவிடலாம். தமிழ் மலர்களில் இதற்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. யூனிகோடு தமிழ் சரியாக அமைய, பத்திப் பாணியில் 'வேர்ல்டு ரெடி' கம்போசர் (எழுத்துகளை வரியில் அடுக்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆங்கில விளம்பரக் கோப்பை மூலமாக வைத்து ஒத்திசைத்தால், அதிலுள்ள சாதாரண கம்போசர் எல்லா அத்தியாயங்களுக்கும் பரவி, 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறிப்போகும். ஆகவே தமிழ் அத்தியாயம் ஒன்றையே மூலமாக வைத்து, பத்திப் பாணி, எழுத்துப் பாணி ஆகியவற்றை மட்டும் ஒத்திசைக்கக் குறியிடுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வரும் கட்டுரைகளை, பக்கத்தில் இடுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அடியில் இருப்பது ரோமன் எழுத்துகளாகவே இருக்கும், பெயர்ப் பட்டியலும் தமிழ் அகர வரிசையில் வராது.

பிடிஎஃப் ஏற்றுமதி பாதியில் நின்றுவிட்டால், முழுப் புத்தகத்தையும் மீண்டும் மீண்டும் ஓடவிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு கோப்பையும் தனியாக ஏற்றுமதி செய்து, தடுமாறும் கோப்பைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதன் பக்கங்களைப் பாதியாகப் பிரித்து, முதலில் 1 முதல் 20 வரை, அடுத்து 21 முதல் 40 வரை என்று முயன்று, தவறும் பாதியை மறுபடியும் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு வந்துவிடலாம். பழைய லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) புகைப்படத்தை ஸ்கேன் செய்த கோப்பு ஒன்றோ, கெட்டுப்போன எழுத்துருவோ அங்கே காத்திருக்கும். படத்தை வேறொரு செயலியில் திறந்து புதிதாகச் சேமித்து மீண்டும் வைத்தாலே பலமுறை தீர்ந்துவிடும். தீராவிட்டால், அந்த அத்தியாயத்தை ஐடிஎம்எல் வடிவில் (இன்டிசைனின் பழைய பதிப்புகளிலும் திறக்கும் கோப்பு வடிவம்) ஏற்றுமதி செய்து, மீண்டும் திறந்து, பழைய பெயரிலேயே பழைய இடத்தில் சேமியுங்கள். பெயரை மாற்றினால் மற்ற அத்தியாயங்களிலிருந்து அதைச் சுட்டும் குறுக்குக் குறிப்புகள் ('இந்தப் பக்கத்தைப் பார்க்க' போன்றவை) அறுந்துபோகும்.

திருத்தங்கள் முடிந்தபின் வரிசை முக்கியம்: முதலில் பாணி, அடுத்து பக்க எண், பிறகு குறுக்குக் குறிப்பு, கடைசியாகப் பொருளடக்கம். பொருளடக்கத்தைப் புதுப்பித்தபின் விளம்பரக் குழு ஒரு பக்கத்தைச் சேர்த்தால் எண்கள் மறுபடியும் நகரும் என்பதால், அவர்களிடம் ஒரு கடைசித் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது எந்தக் கட்டளையையும்விட உதவும். அச்சகத்துக்குப் பிடிஎஃப்புடன் புத்தகப் பலகத்தின் 'பேக்கேஜ்' வழியாக எழுத்துருக்களும் படங்களும் அடங்கிய கோப்புறையையும் கொடுங்கள். அச்சகத்தில் இன்டிசைனின் பழைய பதிப்பு இருந்தால், ஒவ்வோர் அத்தியாயத்தின் ஐடிஎம்எல் பிரதியையும் அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள்.