தொடுவாய் தாண்டுமுன்: வன்னிக் கரையில் வள்ளம் விடுவோர் கடல் அறிவித்தல்களை எப்படிப் பார்ப்பது

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சாலை என்று எங்கிருந்து கடலுக்கு இறங்கினாலும் சிக்கல் ஒன்றுதான். எச்சரிக்கை வரும், ஆனால் அதில் உங்கள் தொடுவாயின், அதாவது களப்பு கடலோடு சேருகிற வாயின், பெயர் இருக்காது. வானிலை ஒரு இடத்திலிருந்து வரும், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வற்றுப்பெருக்கு நேரம் இன்னொரு இடத்தில் கிடக்கும், குளத்து வான்கதவு திறக்கிற அறிவித்தல் வயல்காரருக்கென்று போகும், மணல் இன்றைக்கு எங்கே ஏறியிருக்கிறது என்பது விடிய வந்த வள்ளக்காரருக்கு மட்டும் தெரியும். இந்த நாலையும் நீங்கள்தான் சேர்த்துப் பார்க்க வேணும், சேர்த்துத் தருவதற்கு ஒரு அலுவலகமும் இல்லை.

முதலில் வானிலை, ஏனென்றால் அதுதான் சுலபமாகக் கிடைக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனியாக முன்னறிவித்தல் விடுகிறது, அது அடுத்த 24 மணித்தியாலத்துக்குத்தான் செல்லும். அதில் ஊர்ப்பெயர் தேடாதீர்கள், எங்கிருந்து எங்கே வரை என்று சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று வந்தால் முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் முழுவதும் அதற்குள் அடங்கும். மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று வந்தால் நாச்சிக்குடா, கிராஞ்சி, இரணைதீவுப் பக்கம். “முல்லைத்தீவு என்று சொல்லவே இல்லையே” என்று சொல்லிக்கொண்டு எஞ்சினைத் தூக்கிப் பூட்டுகிற ஆட்கள் எந்தக் கரையிலும் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களோடு போகாதீர்கள்.

காற்றின் வேகத்தைத் திணைக்களம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும், போனில் உள்ள காற்றுச் செயலிகள் பெரும்பாலும் நொட் கணக்கில் காட்டும். ஒரு நொட் என்றால் மணித்தியாலத்துக்கு 1.85 கிலோமீற்றர். செயலியில் 27 என்று பார்த்துவிட்டு, அறிவித்தல் 50 என்கிறதே, இரண்டும் முரண்படுகிறதே என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே காற்றுத்தான். அலை உயரமும் அப்படி ஒரு இடம். 2 மீற்றர் என்று போட்டால் எல்லா அலையும் 2 மீற்றர் என்றோ அதற்கு மேல் வராது என்றோ அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடைக்கிடை அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அலை ஒன்று வந்தால் அறிவித்தலில் பிழை இல்லை. பதினெட்டு அடிப் பைபர் வள்ளத்தில் போகிறவர் பார்க்க வேண்டியது அந்த ஒரு அலையைத்தான்.

அப்புறம், அறிவித்தலின் கடைசியில் ஒரு வரி வரும்: இடியுடன் கூடிய மழை பெய்யும் நேரங்களில் பலத்த காற்று வீசலாம், கடல் திடீரெனக் கொந்தளிக்கலாம் என்று. எப்போதும் வருகிற வரி என்பதால் யாரும் வாசிப்பதில்லை. தென்மேற்குச் சோளகமும் இல்லாமல் வடகிழக்கு வாடையும் இல்லாமல் கடல் குளம் மாதிரிக் கிடக்கிற சித்திரையிலும் ஐப்பசியிலும் அந்த வரிதான் முக்கியம். பின்னேரம் தரைப்பக்கமாக மேகம் கறுத்து எழும்பினால் அறிவித்தலைத் திரும்பத் தேட வேண்டியதில்லை, வலையை ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

புயல் வரும் நாட்களில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு இந்த இடத்தில் கரையைக் கடக்கும் என்று காட்டுவார்கள். கோடு நம் ஊரில் இல்லை என்று நிம்மதிப்படக் கூடாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது, ஆனால் காற்றும் மழையும் வடக்கு முழுவதும் பரவின. அப்படியான நாட்களில் வள்ளத்தைத் தண்ணீரில் நங்கூரமிட்டு விடுவதை விட, மேட்டுக்கு இழுத்து எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவது நல்லது. சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேளுங்கள்.

இனி வற்றும் பெருக்கும். நம் கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றரைத் தொடாது, அதனால்தான் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. திறந்த கடலில் அது சரி. தொடுவாயில் சரியில்லை, ஏனென்றால் பெரிய களப்பு ஒன்றின் தண்ணீர் முழுவதும் ஒரு ஒடுங்கின வாயால்தான் போய்வர வேணும், உயரம் கொஞ்சமாக இருந்தாலும் ஓட்டம் கடுமையாக இருக்கும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூட, அட்டமி நவமியில் குறைவு. ஒரே வற்றுக்குள்ளும் தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும். உள்ளேயிருந்து தண்ணீர் பாய்ந்து வெளியேறுகிற அந்த நடு நேரத்தில், வெளியிலிருந்து கொண்டல் காற்றோடு அலை வந்து முட்டினால், அலை நிமிர்ந்து செங்குத்தாக நின்று முறியும். வெளியே கடல் சாதாரணமாக இருக்கிற நாளில்கூட இது நடக்கும். உள்ளே வருவதற்கு நல்ல நேரம் பெருக்கின் பின்பாதி. தரை தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் கிளப்பிவிடும், வற்றில் தட்டினால் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

நேரத்தை எங்கே பார்ப்பது? திருகோணமலைக்கான வற்றுப்பெருக்கு நேரம் போனில் கிடைக்கும், ஆனால் அது திருகோணமலைத் துறைமுகத்துக்கான நேரம். நம் தொடுவாயில் தண்ணீர் திரும்புவது அதற்குப் பிந்தித்தான், களப்புக்குள் இன்னும் பிந்தும், உயரமும் குறையும். எவ்வளவு பிந்தும் என்பது தொடுவாய் எவ்வளவு அகலத்தில் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால் ஒரு தடவை கண்டுபிடித்ததை வருடம் முழுக்க வைத்திருக்க முடியாது. நீங்கள் வள்ளம் கட்டுகிற இடத்தில் ஒரு தடியை ஊன்றி, கத்தியால் சாண் சாணாக வெட்டுக் குறி போட்டு, தண்ணீர் எந்தக் குறியில் எத்தனை மணிக்கு நின்று திரும்புகிறது என்று சில நாட்கள் எழுதி வையுங்கள். போன் சொல்கிற நேரத்துக்கும் உங்கள் தடி சொல்கிற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. வாடை ஓங்கி அடிக்கிற நாட்களில் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளிவிடும், அப்போது அட்டவணை, தடி இரண்டையும் விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

மழைக்காலம் வந்தால் வற்றுப்பெருக்குக் கணக்கே செல்லாது. இதைத்தான் வெளியூர் வழிகாட்டிகளில் காண முடியாது. இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் களப்புக்கு வந்து கடலுக்குப் போகும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பேராற்றால் நந்திக்கடலுக்கு வந்து வட்டுவாகலால் வெளியேறும். கதவு திறக்கிற அறிவித்தலில் தாழ்நில மக்கள் அவதானம் என்று இருக்கும், வள்ளக்காரர் அவதானம் என்று இருக்காது. ஆனால் அந்த அறிவித்தல் கடைசியில் வந்து நிற்கிற இடம் உங்கள் தொடுவாய். அந்த நாட்களில் பெருக்கு நேரத்திலும் ஓட்டம் வெளிப்பக்கமாகத்தான் இருக்கும், மரக்கட்டையும் ஆற்றுவாழையும் அறுந்த வலையும் சேர்ந்து வரும், கலங்கின தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கிளிநொச்சியில் வயல் செய்கிற ஒரு சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் சொல்லி வையுங்கள், கதவு திறந்தால் உங்களுக்கும் ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லி.

கோடையில் மணல் அள்ளி அடைத்துக் கிடக்கிற தொடுவாயை வெள்ளம் தானாக உடைக்கும், அல்லது வயலும் வீடும் மூழ்காமல் இருக்க வெட்டிவிடுவார்கள். வெட்டின அன்று அந்தப் பக்கம் வள்ளத்தோடு போகவே வேண்டாம். ஒரு ஆள் அகலத்தில் வெட்டின வாய்க்கால் கொஞ்ச நேரத்தில் கரையைக் கரைத்துப் பல மடங்கு அகன்றுவிடும், விளிம்பில் நின்று பார்க்கிறவரின் காலுக்குக் கீழே மணல் பொத்தென்று போகும். பிறகு வருகிற நாட்களிலும் அலை மணலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்கால் தண்ணீர். கடல் வரைபடமோ போனில் உள்ள செய்மதிப் படமோ இதில் உதவாது, அது எப்போது எடுத்த படமோ. வட்டுவாகலில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலத்து வேலை 2025 செப்ரெம்பரில் தொடங்கியது. வேலை நடக்கிற எந்தப் பாலத்தடியிலும் தூண், இரும்புக்கம்பி, கொட்டின கல் என்று தண்ணீருக்குள் புதிதாக ஏதாவது இருக்கும், இருட்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, தாண்டப் போகிறீர்கள். வெளியே போகுமுன் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு மேட்டில் ஏறி நின்று பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். அலை கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அலை முறியாமல், வெளுக்காமல், கருமையாகக் கிடக்கிற ஒடுக்கம்தான் ஆழமான பாதை. உயிர்காப்பு அங்கியைப் போடுவது இங்கே, கடலுக்குள் போன பிறகு இல்லை. எஞ்சின் நிறுத்தும் கயிறு இருந்தால் அதைக் கையில் மாட்டுவதும் இங்கே. மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெற்றோலில் தொடங்கி, சூடேறி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அது இருமாமல் ஓடுகிறதா என்று களப்புக்குள்ளேயே பார்த்துவிடுங்கள். தொடுவாயின் நடுவில் எண்ணெய் மாற்றி எஞ்சின் அணைந்தால் அடுத்த அலை வள்ளத்தைக் குறுக்கே போட்டுவிடும். உள்ளே வரும்போது பாரத்தை அணியத்தில் வைக்காமல் பின்னுக்கு எடுத்து, ஒரு அலை உங்களைக் கடந்து போனதும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே, அதை முந்தாமல், அதற்குப் பின்தங்காமல் வாருங்கள். பாதி வழியில் மனம் மாறித் திருப்புவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. சரிவராது என்று தோன்றினால் அலை முறிகிற இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருங்கள், மீன் கொஞ்சம் கெட்டால் கெடட்டும்.

யாராவது அனுப்புகிற ஜீபிஎஸ் இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. முல்லைத்தீவின் அகலக்கோட்டைப் போன் 9.27 என்று காட்டும். இதையே பாகையும் (டிகிரி) கலையுமாக (மினிற்) எழுதினால் 9 பாகை 16.2 கலை. 9.27ஐ 9 பாகை 27 கலை என்று கருவியில் போட்டால் வித்தியாசம் 10.8 கலை, அதாவது 10.8 கடல் மைல், கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் வடக்கே தேடிக்கொண்டிருப்பீர்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்கினால்தான் கலை வரும். கவிழ்ந்த வள்ளத்துக்கு ஆள் அனுப்புகிற நேரத்தில் இந்தப் பிழை நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விஎச்எஃப் என்கிற வானொலித் தொடர்புக் கருவி உள்ள படகுகள் 16ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருக்க வேணும், அபாய அழைப்பு அதில்தான். சூட்டுப் பயிற்சி, மூழ்கிய கலம், அணைந்துபோன மிதவை விளக்கு போன்றவை கடலோடிகளுக்கான அறிவித்தலாக வரும். அது கரைச் சங்கங்கள் வரை வந்து சேருகிறதா என்பதைச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், தலைவரைச் சங்கடப்படுத்தினாலும் பரவாயில்லை.

மேற்குக் கரையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே தொடுவாயை விட ஆழமின்மையும், களப்புகளில் ஊன்றிய சிறகுவலைத் தடிகளும், இரவில் வருகிற இந்திய இழுவைப் படகுகளும்தான் தொல்லை. அவர்கள் வழமையாக வருவது திங்கள், புதன், சனி. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் வரவு குறையும். அந்த மூன்று இரவுகளில் வலை விட்டுவிட்டு வெளிச்சம் இல்லாமல் படுத்துத் தூங்காதீர்கள், எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு ஒன்றாவது உயரத்தில் எரியட்டும். இரணைதீவுக்கு ஆட்களை ஏற்றுகிற வள்ளங்களில் அங்கி ஓட்டிக்கு மட்டும் இருந்தால் போதாது.

கடைசியாக, நீங்கள் கண்டதை மற்றவருக்குச் சொல்வது. “தொடுவாயில் கவனம்” என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவதால் ஒருவருக்கும் பயனில்லை. இடப்பக்கம் வலப்பக்கம் என்றும் எழுதாதீர்கள், போகிறவருக்கு வலம் வருகிறவருக்கு இடம். இப்படி எழுதுங்கள்:

“நாயாறு தொடுவாய். செவ்வாய் காலை 5.40. வற்று. தெற்குக் கரையை ஒட்டிப் புது மணல் திட்டு, மேலே முழங்கால் தண்ணீர். வடக்குப் பக்கத்தால் வந்தோம், சவள் நிலம் தொடவில்லை. நாளை காலை வரை இதை நம்பலாம், பிறகு பார்த்துப் போகவும்.”

எங்கே, எப்போது, எந்த நீரில், என்ன கண்டோம், எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்ற ஐந்தும் அதில் உண்டு. குரல் செய்தியாகப் போட்டாலும் நாளையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள், ஏனென்றால் அது அடுத்த குழுவுக்குப் போகும்போது உங்கள் நேரம் அழிந்துவிடும். ஒவ்வொரு கார்த்திகையிலும் திகதியில்லாத பழைய எச்சரிக்கைகள் சுற்றுவது இதனால்தான். திட்டு கரைந்துபோனாலோ மிதந்த கட்டையை இழுத்து எடுத்துவிட்டாலோ அதையும் அதே குழுவில், முதல் செய்திக்குப் பதிலாகவே போட்டு “இது இனி இல்லை” என்று எழுதிவிடுங்கள்.