டேட்டா சென்டரில் இடம் எடுக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் பாருங்கள்

ஆபீஸின் ஏசி அறையில் ஓடும் இரண்டு மூன்று சர்வர்களை டேட்டா சென்டருக்கு (பல நிறுவனங்களின் சர்வர்களை வாடகைக்கு வைத்துக்கொள்ளும் கட்டடத்துக்கு) மாற்ற நினைக்கும் சிறு நிறுவனங்களுக்காக, சென்னையை வைத்து இதை எழுதுகிறேன். வாடகையை அப்புறம் பேசலாம்.

படி 1: நஷ்டத்தைக் கணக்கிடுங்கள்

சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு போகும்? ரூபாயில் எழுதி வையுங்கள். 99.9% அப்டைம் (சர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) என்றால் வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். 99.99% என்றால் சுமார் 53 நிமிடம். பகலில் மட்டும் பில் போடும் மொத்த வியாபாரிக்கு முதலாவதே போதும். இரவு பகலாக ஆன்லைனில் பணம் வாங்குபவருக்குப் போதாது.

படி 2: நேரில் போய்ப் பாருங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அம்பத்தூரோ சிறுசேரியோ, எங்கே போனாலும் இவற்றைக் கேளுங்கள்: மழைக்காலத்தில் வாசல் சாலையில் தண்ணீர் நிற்குமா? ஜெனரேட்டரும் டீசல் டேங்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும்? சாலை மூழ்கினால் அடுத்த லோடு எப்படி வரும்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

‘டியர் 3’ தரம் என்று சொன்னால் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த ஒரு மின் கருவியையும் பழுதுபார்க்க சர்வரை நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். இந்தத் தரச்சான்றை வழங்கும் அப்டைம் இன்ஸ்டிடியூட், வரைபடத்துக்குத் தனியாகவும், கட்டி முடித்த கட்டடத்துக்குத் தனியாகவும் சான்று தருகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

படி 3: நெட்வொர்க்

குறைந்தது இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் (இன்டர்நெட் கேபிள்), கட்டடத்துக்குள் இரு வேறு பக்கங்களிலிருந்து வர வேண்டும். ஒரே பள்ளத்தில் இரண்டும் வந்தால், ஒரு ஜேசிபி தோண்டினாலே இரண்டும் அறுந்துவிடும். வாடிக்கையாளர்கள் சிங்கப்பூரில் இருந்தால் சென்னை நல்ல தேர்வு, அங்கே போகும் பல கடலடி கேபிள்கள் இங்கே கரையேறுகின்றன.

படி 4: பேக்கப் வேறு ஊரில்

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து நாசமானது. வேறெங்கும் பேக்கப் வைக்காத பலருடைய தரவும் அதோடு போய்விட்டது. சென்னையில் சர்வர் வைத்தால் பேக்கப்பை ஹைதராபாத்திலோ மும்பையிலோ வையுங்கள். இதில் செலவைப் பார்க்கவே கூடாது என்பேன்.

படி 5: ஒப்பந்தம்

சரி, இப்போது வாடகை. மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, மொத்தத் தொகையா? ஃபைபர் இணைப்புக்கும், டேட்டா சென்டர் ஆள் வந்து சர்வரைத் தொடுவதற்கும் தனிக் கட்டணம் உண்டா? சேவை நின்றால் பெரும்பாலும் மாத வாடகையில்தான் கொஞ்சம் கழிப்பார்கள், உங்கள் வியாபார நஷ்டத்தை ஈடுகட்ட மாட்டார்கள். படி 1இல் எழுதிய தொகையை அந்தக் கழிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.