‘100 சதவீதம் பசுமை மின்சாரம்’: பிரிட்டனில் மின் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

பிரிட்டனில் வீட்டுக்கு மின் நிறுவனம் தேடுபவர், ‘100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்’ என்ற வரியைப் பல விளம்பரங்களில் காண்பார். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும், எல்லா மின்நிலையங்களின் மின்சாரமும் கலந்துதான் ஒரே கம்பி வழியாக வருகிறது. ஆகவே, நாம் கட்டும் பணம் யாரைச் சென்றடைகிறது என்பதையே விசாரிக்க வேண்டும்.

காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ‘ரீகோ’ என்ற சான்றிதழ் ஒன்றை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வழங்குகிறது. இச்சான்றிதழை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியே விற்கலாம் என்பதே சிக்கலின் வேர். மூலம் தெரியாத மின்சாரத்தை மொத்தச் சந்தையில் வாங்கும் நிறுவனமும், அதே அளவுக்குச் சான்றிதழ்களை வேறெங்கோ வாங்கிச் சேர்த்துக்கொண்டால், தன் மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்கது எனக் கணக்குக் காட்டலாம். 2020க்கு முந்தைய பல ஆண்டுகளில் ஒரு சான்றிதழ் ஒரு பவுண்டுக்கும் குறைவாகவே விற்றது. ஒரு வீட்டின் ஆண்டுப் பயன்பாடு 2,700 யூனிட் என வைத்துக்கொண்டால், அன்று மூன்று பவுண்டுக்கும் குறைந்த செலவில் ஒரு வீட்டைப் ‘பசுமை’ ஆக்கிவிட முடிந்தது. அந்தச் சில்லறையால் புதிய காற்றாலை எதுவும் எழும் என்று நான் நம்பவில்லை.

முதலில், நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய எரிபொருள் கலவை விவரத்தை அதன் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். அதில் புதுப்பிக்கத்தக்கது 100 சதவீதம் என்றிருந்தாலும் அத்துடன் நின்றுவிடாமல், எழுத்து மூலம் இப்படிக் கேளுங்கள்: “நீங்கள் விற்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதத்தை, சான்றிதழோடு சேர்த்து, உற்பத்தியாளர்களிடம் நேரடி ஒப்பந்தத்தில் வாங்குகிறீர்கள்? அந்த மின்நிலையங்களின் பெயர்கள் என்ன?” நேர்மையாக வாங்கும் நிறுவனத்துக்கு இதற்கு விடை சொல்வது கடினமல்ல. பதிலில் சான்றிதழைப் பற்றிய விளக்கம் மட்டும் இருந்தால், அதே கேள்வியை மீண்டும் அனுப்புங்கள்.

மரத்தை எரித்துப் பெறும் மின்சாரம் எவ்வளவு என்பதையும் கேட்பது அவசியம். வடக்கு யார்க்‌ஷயரிலுள்ள டிராக்ஸ் மின்நிலையம் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் உருண்டைகளை எரிக்கிறது. அதுவும் புதுப்பிக்கத்தக்கதாகவே கணக்கில் சேர்கிறது. வெட்டிய மரத்துக்கு ஈடாக ஒரு காடு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், இதைக் காற்றுக்கும் வெயிலுக்கும் சமமாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், கணக்கு ஆண்டு முழுமைக்கும் சேர்த்தே பார்க்கப்படுவதால், ஜூன் மாத வெயிலுக்குக் கிடைத்த சான்றிதழ் ஜனவரி இரவின் பயன்பாட்டை ஈடுசெய்துவிடுகிறது. மணிக்கு மணி பொருத்திக் காட்டும் நிறுவனம் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

பதில் வராவிட்டாலோ விளம்பரத்தோடு முரண்பட்டாலோ, விளம்பரத்தைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொண்டு, விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் செய்யலாம். போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2021இல் வெளியிட்ட பசுமை உரிமைகோரல் நெறிமுறை, முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது என்றும் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்றும் கூறுகிறது. புகாரில் அதையும் குறிப்பிடுங்கள்.