வரப்புக் கீரையும் சட்டியின் அடிச்சோறும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் களை எடுக்கப் போகும் பெண்கள் திரும்பும்போது மடியில் ஒரு பிடி கீரை இருக்கும். வயலில் ஆரை, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும், கொல்லையில் குப்பைக்கீரையும் மணத்தக்காளியும் தானாக முளைக்கின்றன. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் இரத்தசோகை உள்ளவர்கள்.

முதல் தவறு பரிமாறுவதில் இருக்கிறது. கீரையைப் பறித்து, ஆய்ந்து, கடைந்தவள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறாள். அவளுக்கு மிஞ்சுவது சட்டியின் அடிச்சோறும் ரசமும். ஆனால் ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும், பெண்ணுக்கு 29 தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. மாதவிடாயில் இழப்பதை உடம்பு ஈடுகட்ட வேண்டுமே! ஆகவே பரிமாறும் முன்பே அவள் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மாமியாரோ கணவரோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அடுத்த தவறு. கீரையின் இரும்பு உடம்பில் சேர்வதே குறைவு, டீ அதையும் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கீரை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இரத்தம் ஊறத் தேவையான பி12 வைட்டமின் அதில் கிடையாது. அது உள்ள வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன் எல்லாம் டெல்டாவின் உழைக்கும் வீடுகளில் காலங்காலமாக இருந்த சாப்பாடுதான். கேவலமாகப் பேசுவார்கள் என்று அதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் களைக்கொல்லி. மருந்தடித்த வரப்பில் பறிக்கவே கூடாது. செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து கழுவினால் போகாது. எங்கே, எப்போது அடித்தார்கள் என்று வயல்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு வரப்பையாவது மருந்தில்லாமல் விடச் சொல்லுங்கள்.

சாரணைக் கீரையில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்கலாம். அடையாளம் தெரியாத செடியைப் பறிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் கீரை சாப்பிடுகிறோமே என்று சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.